இல்லாத இடத்து வலி

ஜனவரி 4, வியாழன்

ஜெசிந்தா சிஸ்டர் சொன்னதால் எழுதுகிறேன். சேலம் ஆஸ்பத்திரியில் எனக்குப் பை மாற்றக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். போன வாரம் செக்கப்புக்குப் போனபோது, "வலி எப்படி இருக்கு மாதையன்?" என்று கேட்டார். "பரவாயில்லீங்க சிஸ்டர்" என்றேன்.

"மூணு மாசமா இதே பதிலைத்தான் சொல்றீங்க. வாயத் தொறந்து சொல்ல வரலேன்னா எழுதியாவது வைங்க. எப்ப வலிக்குது, எங்க வலிக்குது, பத்துக்கு எவ்வளவு. எல்லாத்தையும் எழுதுங்க."

உரக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பத்தாவது முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் வண்டி ரிப்பேர் புகாரும்தான்.

முதலில் விவரம். பெயர் மாதையன், வயது ஐம்பத்தாறு, அரசு பஸ் டிரைவர். இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் தருமபுரி–சென்னை வண்டி. போன சித்திரையில் மலக்குடலில் புற்று என்று தெரிந்தது. முதலில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. செப்டம்பரில் ஆபரேஷன். மலக்குடலை முழுசாக எடுத்துவிட்டுப் பின்பக்கத்தைத் தைத்து மூடிவிட்டார்கள். வயிற்றின் இடப்பக்கத்தில் குடலின் முனையை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் பை. இனி ஆயுசுக்கும் அதுதான் வழி. "உசுரு தப்பிச்சதே பெருசு" என்றார் டாக்டர். நானும் தினமும் காலையில் கண் விழித்ததும் அதையே நினைத்துக்கொள்கிறேன். யாருக்கு என்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

வலி: தைத்த இடத்துக்கு உள்ளே, அடியில். குத்தல் இல்லை, அழுத்தம். பத்துக்கு மூன்று.

ஜனவரி 6, சனி

ரயில்வே கேட் வரை நடந்தேன். பை நன்றாக ஒட்டியிருந்தது. வலி: மூன்று.

ஜனவரி 9, செவ்வாய்

சாதிக் பாய் வந்தார். பதினோரு வருஷம் என் வண்டியில் கண்டக்டராக இருந்தவர். கையில் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்.

"மாதண்ணே, இது மேல ஒக்காருங்க. நடுவுல ஓட்டை. வலிக்கிற எடம் எதுலயும் படாது பாருங்க."

நாற்காலியில் டியூபைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அது ஒரு பக்கமாக நழுவி, நான் சுவரில் சாய்ந்தேன். பாய் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் பஞ்சர் கடையில் தேடி எடுத்து, கழுவி, பழைய லுங்கியைச் சுற்றித் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன்.

அவர் போகும்வரை அதன்மேலேயே இருந்தேன். முக்கால் மணி நேரம். பிறகு சாயங்காலம் வரை ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தேன். வலி: மூன்று.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

பவுனு வாசலில் பொங்கல் வைத்தாள். பவுனு என் மனைவி. என் அக்கா மகள். கட்டிக்கொண்டு முப்பது வருஷமாகியும் இன்னும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அடுப்படி ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டேன். ஏன் நிற்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று சாப்பிட்டாள்.

ஜனவரி 19, வெள்ளி

இது சிஸ்டருக்காக எழுதுவது இல்லை.

டிரைவர் வேலையில் அவசரம் என்றால் அடக்குவது. தருமபுரியில் வண்டியை எடுத்தால் பின்னால் ஐம்பத்தைந்து பேர். எனக்கு வயிறு முட்டுகிறது என்று நெடுஞ்சாலையில் ஓரங்கட்ட முடியாது. வாணியம்பாடி வரட்டும், ஆம்பூர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவோம். நாளாக நாளாக அவசரம் என்பதே மறந்துபோகும்.

இப்போது அடக்க எதுவும் இல்லை. அடக்குகிற இடமே இல்லை. ஆனால் அவசரம் மட்டும் வருகிறது. காலையில் டீ குடித்ததும் வருகிறது. சாப்பிட்டதும் வருகிறது. உடனே போயாக வேண்டும் என்று முட்டுகிறது. எனக்குத் தெரியும், அங்கே ஒன்றும் கிடையாது, தையல்தான். இருந்தாலும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்கிறேன். எதுவும் நடக்காது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்குகிறது.

இதைப் போய் யாரிடம் சொல்வது? புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். பவுனு கேட்டால் பேப்பர் படித்தேன் என்கிறேன்.

ஜனவரி 22, திங்கள்

பவுனுவுக்கு சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொடுத்தேன். ரெகுலேட்டரைத் தூக்கி, வளையத்தைப் பார்த்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கசிவு இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இத்தனை வருஷம் நான்தான் செய்தேன். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருப்பது நல்லது. பிறகு போர் மோட்டாரில் காற்று அடைத்தால் எப்படி எடுப்பது என்றும் காட்டினேன். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். மோட்டாரைப் பார் என்றேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ஓசூரில் பிருந்தாவுக்கு வளைகாப்பு. எங்களுக்கு ஒரே மகள். மருமகன் தினகரன் கார் அனுப்பியிருந்தார். போகும்போது பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தே போனேன். மண்டபத்தில் நான் உட்காரவே இல்லை. வாசலில் நின்று வந்தவர்களை எல்லாம் வரவேற்றேன். "பொண்ணோட அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை தெரியுது பாருங்க, ஒரு நிமிசம் ஒக்காரல" என்று சம்பந்தி வீட்டில் பேசிக்கொண்டார்களாம். பவுனு வந்து சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டு கை நிறைய வளையலோடு என் மகளைப் பார்த்தேன். போன சித்திரையில் இந்த நாளை நான் பார்ப்பேன் என்று யார் சொன்னார்கள்? பார்த்துவிட்டேன். அதற்குமேல் கேட்பது பேராசை.

பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஏப்ரல் முதல் வாரம் என்று நாள் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 2, வெள்ளி

எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான். பிருந்தாவுக்கு அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கிறது. எனக்கும்.

பிப்ரவரி 5, திங்கள்

பவுனுவை ஆட்டுச் சந்தைத் திடலுக்குக் கூட்டிப்போய் மொபெட் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். "இந்த வயசுல எனக்கு எதுக்கு மாமா?" என்றாள். மார்க்கெட் போக, மருந்து வாங்க, எல்லாவற்றுக்கும் ஆகும் என்றேன். பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால் இரண்டு காலையும் தரையில் தேய்க்கிறாள். ஐம்பது அடி தூரம் நேராக ஓட்டினாள். கை தட்டினேன்.

திரும்பும்போது நான் பின்னால் உட்காரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தோம். வலி: மூன்று.

பிப்ரவரி 8, வியாழன்

மேச்சேரி ராயப்பனின் மகன் போன் செய்தான். ராயப்பன் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். எனக்கு நான்கு நாள் முன்னால் அவருக்கும் அதே ஆபரேஷன். என்னைவிடச் சீக்கிரம் எழுந்து நடந்தவர். போன திங்கட்கிழமை தவறிவிட்டாராம். தீபாவளியிலிருந்தே அடியில் அழுத்துகிறது, உட்கார முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். திரும்பவும் வந்துவிட்டதாம்.

இன்று வெயில் அதிகம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மொட்டை மாடிக் குழாய் வாஷரை மாற்றினேன். பீரோ சாவி எது, லாக்கர் சாவி எது என்று நூல் கட்டி வைத்தேன்.

வலி: மூன்று.

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் பாத்ரூமில் இருந்தேன். பிருந்தா கதவைத் தட்டினாள். "அப்பா, இன்னும் ஆவலையா? முடியலப்பா."

அவசரமாக வெளியே வந்தேன். அவள் போய்விட்டு வந்தவள், தன் அறைக்குப் போகாமல் நின்றாள்.

"பை, கத்தரிக்கோல் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. உள்ள தண்ணி சத்தமும் கேக்கல. அரை மணி நேரமா என்னப்பா பண்றீங்க?"

"பேப்பர் படிச்சிட்டு இருந்தேன்."

"பேப்பர் டிவி மேல இருக்கு."

பார்த்தேன். இருந்தது. பிரிக்கக்கூட இல்லை.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பெற்ற மகளிடம் சொல்கிற விஷயமா? சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "வர்ற மாதிரியே இருக்கும்மா. வராது. வர்றதுக்கு எடமே இல்ல. அடியில என்னமோ கனமா எறங்கி நிக்கிற மாதிரி அழுத்துது. போயி ஒக்காந்தா கொஞ்சம் தேவல. எனக்கே பைத்தியக்காரத்தனமாத்தான் இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் அப்படித்தாம்பா. புள்ளையோட தலை எறங்கி அடியில அழுத்துது. இப்பவே போவணும்னு ஓடுவேன். போனா ரெண்டு சொட்டு. திரும்பி வந்து படுத்தா மறுபடியும். நேரா ஒக்காரவும் முடியல. அம்மாகிட்ட சொன்னா எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்றாங்க."

"உனக்கும் நேரா ஒக்கார முடியலையா?"

"எங்கப்பா முடியுது! நீங்க நின்னுகிட்டே சாப்புடுறதப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. எனக்கு நிக்கவும் முடியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் பையைப் பிடித்துக்கொண்டு. சத்தம் கேட்டு பவுனு கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றோம்.

அவள் போன பிறகு பிருந்தா கேட்டாள். "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"உன் பிரசவம் முடியட்டும்."

"ஏன், அதுவரைக்கும் எதுக்கு?"

அவள் என் கையைப் பிடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பிடித்ததில்லை. "பத்துக்கு எவ்வளவுப்பா? டைரியில எழுதறது வேணாம். நெசம்."

வலி: ஏழு. சில நாள் எட்டு. பொங்கலுக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். கூடிக்கொண்டும் வருகிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

மொபெட்டை வெளியே எடுத்தேன். பவுனு வரவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் வரல மாமா."

"பிரேக் மட்டும் சரியாப் புடிச்சுட்டா போதும், இன்னும் ரெண்டே நாள்…"

"சிலிண்டர் மாத்தக் கத்துக்கொடுத்த. மோட்டாருக்குக் காத்து எடுக்கச் சொன்ன. சாவிக்கு நூல் கட்டி வெச்சிருக்கற. இப்ப வண்டி. முப்பது வருசமா நீ எதையும் என்னத் தொட விட்டதில்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ கெளம்பற ஏற்பாடு பண்ற. எனக்கு அது தெரியாதுன்னு நெனச்சியா? ராயப்பன் பொண்டாட்டி எனக்கும்தான் போன் பண்ணிச்சு."

வண்டிச் சாவியை ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"பைய மாத்தறப்ப கதவச் சாத்திக்கற. வலிக்குதான்னு கேட்டா பரவாயில்லங்கற. உன் கூடவே இருக்கறேன், ஆனா பஸ்ஸுல பக்கத்து சீட்டுல ஒக்காந்திருக்கறவ மாதிரி இருக்கறேன்."

வெங்காயத்தால்தான் என்று நினைக்கிறேன், எனக்கும் கண் எரிந்தது. "பயமா இருக்குது பவுனு" என்றேன். சொன்ன பிறகு அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் கையெல்லாம் வெங்காய வாசம்.

பிருந்தா என் போனிலிருந்தே ஜெசிந்தா சிஸ்டரைக் கூப்பிட்டாள். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பிருந்தாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்காவை விட்டுவிட்டு, பவுனுவும் நானும் சேலம் போனோம். சாதிக் பாய்க்குச் சொல்லியிருந்தேன். டூட்டி அவருடையது இல்லை; ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வண்டியின் கடைசி நீள சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். "எங்க டிரைவருங்க. ஆபரேசன் ஆனவரு. படுத்துக்கிட்டு வரட்டும்" என்று ஏறியவர்களிடம் எல்லாம் சொன்னார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு அம்மா தலைக்கு வைக்கத் தன் துணிப்பையைக் கொடுத்தார். பஸ்ஸில் படுத்துக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. மேல்கூரையில் எத்தனை திருகாணி இருக்கிறது என்று இன்றுதான் பார்த்தேன்.

சிஸ்டரிடம் டைரியைக் கொடுக்கவில்லை. வாயால் சொன்னேன். பவுனு பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். அழுத்தம், ஏழு, எட்டு. டியூப் விஷயத்தைச் சொன்னதும் சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஸ்கூட்டர் டியூப்பா! வளையத்துல ஒக்காந்தா தையல் போட்ட எடம் நடுவுல தொங்கும், ரெண்டு பக்கமும் இழுபடும். வலி கூடத்தான் செய்யும். தட்டையான மெத்தைதான் போடணும். அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு நடக்கணும். அந்த நண்பருக்கு என் வணக்கம் சொல்லுங்க, டியூப மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். பாத்ரூமில் போய் உட்காருவதை. தலை நிமிராமல்தான் சொன்னேன்.

"இதையா இத்தன நாள் மறைச்சீங்க?" என்றார். "உறுப்பத்தான் எடுத்தாங்க மாதையன். அதுக்குப் போற நரம்பு அங்கேயேதான் இருக்குது. கால் எடுத்தவங்களுக்கு இல்லாத கால்ல அரிக்கும்னு கேள்விப்பட்டதில்லையா? அது மாதிரிதான். என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு இதைச் சொல்றாங்க. மீதிப் பேரு உங்கள மாதிரி, சொல்றதில்ல."

"அப்ப நான் போயி ஒக்கார்றது…"

"ஒக்காருங்க. தப்பே இல்ல. அது நரம்ப சமாதானப்படுத்தும். முக்கக் கூடாது, அதுதான் முக்கியம். மூச்ச மெதுவா விட்டுகிட்டு அஞ்சு நிமிசம் ஒக்காந்துட்டு எந்திரிச்சு வந்துடுங்க."

பைத்தியம் இல்லை. எனக்குப் பைத்தியம் இல்லை. கைகூப்பினேன். அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"ஆனா அழுத்தம் கூடிகிட்டே வருதுன்னு சொல்றீங்க. அத அப்படியே விட முடியாது. டாக்டர் ஸ்கேன் பாக்கணும்னுதான் சொல்வாரு. டிசம்பர்லயே சொல்லியிருக்கலாம் நீங்க."

டாக்டர் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமை ஸ்கேன். ரத்தம் இன்றே எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஸ்கேன் எடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அளவுக்கு மீறி அன்பாக இருக்கிறோம். தாங்க முடியவில்லை. பிருந்தா எனக்கு ஆரஞ்சு உரித்துத் தருகிறாள். நான் அவளுக்குக் கால் அமுக்குகிறேன். பவுனு இரண்டு பேருக்கும் தலையணை மாற்றி மாற்றி வைக்கிறாள். மத்தியானம் ஹாலில் பாய் விரித்து மகள் இடப்புறமாகவும், பை நசுங்காமல் நான் வலப்புறமாகவும் படுத்து, முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டோம். அவளுடைய டாக்டர் சொன்ன வித்தை. எனக்கும் இதமாக இருக்கிறது.

இன்று பை மாற்றும்போது கதவைச் சாத்தவில்லை. பவுனு வந்து உட்கார்ந்தாள். நான் எடுத்துச் சுத்தம் செய்து காட்டினேன். வயிற்றில் சிவப்பாக இருக்கும் அந்த வாயை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். முகத்தைத் திருப்புவாள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "ரோசாப்பூ மொட்டாட்டம் இருக்குது. இதுக்கா இத்தன நாள் கதவச் சாத்தின?" என்றாள். வெட்டி வைத்திருந்த புதுப் பையை அவளே ஒட்டினாள். ஓரத்தை நான்கு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சூடு பட்டால் நன்றாக ஒட்டும் என்று சொல்லியிருந்தேன். ஒட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

திரும்ப வரவில்லை.

டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்து இரண்டு தடவை காட்டினார். "சுத்தமா இருக்கு. ரத்தத்துல அளவும் சரியா இருக்கு. தழும்பு உள்ள இறுகியிருக்கு. அதோட, அடியில தொட்டில் மாதிரி தசை இருக்கும், அது முழுக்க முறுக்கிப் புடிச்சுகிட்டிருக்கு. அழுத்தம் அதுலேருந்துதான் வருது." பிறகு கேட்டார், "நீங்க எப்பவும் எதையோ அடக்கிகிட்டே இருப்பீங்களா?"

"இருபத்தொன்பது வருசமா சார். தருமபுரி–சென்னை."

அவருக்குச் சிரிப்பு. ஒரு நரம்பு மாத்திரை எழுதினார். தசையைத் தளர்த்தும் பயிற்சிக்குப் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேல் குறையும் என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பாதி போதும் சார் என்றேன்.

வெளியே வந்ததும் பவுனு குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். நானும் போய்க் கழுவினேன். நல்ல வெயில். ராயப்பனை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் எனக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளிதான் இருந்தது. ஏன் நான், ஏன் அவர் இல்லை என்று யோசித்தேன். அவர் மகனுக்குப் போன் செய்து, அம்மாவைப் பார்க்க ஒரு நாள் வருகிறோம் என்றேன்.

மார்ச் 4, திங்கள்

பயிற்சி என்பது வேறொன்றும் இல்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை உள்ளே இழுக்கும்போது அடிப்பக்கத்தை விட வேண்டும். இறுக்குவது இல்லை, விடுவது. கேட்க சுலபம். எனக்கு விடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நினைக்கும்போதே பல் கடித்திருக்கிறது.

பிரசவத்துக்கு பிருந்தாவுக்கும் கிட்டத்தட்ட இதே மூச்சுப் பயிற்சி. ஒன்றாகச் செய்கிறோம். "அப்பா, தோளை விடுங்க. தாடையை விடுங்க" என்கிறாள். பவுனு, "ரெண்டு பேருல யாருக்கு மொதல்ல பொறக்குதுன்னு பாப்போம்" என்றாள்.

வலி: ஆறு.

மார்ச் 11, திங்கள்

மோசமான நாள். எட்டு. ஒன்றும் எழுத முடியவில்லை. பவுனுவிடம் எட்டு என்று சொன்னேன். வெந்நீர்ப் பையை இடுப்புக்கு வைத்தாள்.

மார்ச் 16, சனி

நான்கு. தட்டையான மெத்தையில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். ரசம் வரை உட்கார்ந்தேன். மோருக்கு எழுந்துவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

வலி: ஐந்து. மேச்சேரி போய் வந்தோம். ராயப்பன் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதார். பிறகு, "நீங்களாச்சும் நல்லா இருங்கண்ணா" என்றார். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள மனசு கூசியது. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 30, சனி

காலை எட்டு மணிக்கு பிருந்தாவுக்கு வலி எடுத்தது. நர்சிங் ஹோமில் சேர்த்தோம். உள்ளே போகும் முன், "அப்பா, தாடையை விடணும், இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு எத்தனை என்று இன்று பார்க்கவில்லை.

மூன்றே கால் மணிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். கொஞ்சம் கிழிந்துவிட்டதால் அடியில் தையல் போட்டிருக்கிறார்கள் என்று நர்ஸ் வந்து பவுனுவிடம் மெதுவாகச் சொன்னார். என் காதில் விழுந்தது.

ஏப்ரல் 1, திங்கள்

ஓசூரிலிருந்து சம்பந்தி வீட்டார் பதினான்கு பேர் வந்தார்கள். அறை நிறைந்துவிட்டது. நான் ஒரு ஓரமாக நின்றேன். பிருந்தா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

சம்பந்தியம்மா நல்லவர். பேத்தியைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, "எழுந்து ஒக்காரு கண்ணு. புள்ளைய மடியில வெச்சுக்கோ. எல்லாரும் வரிசையா வந்து பாக்கட்டும். போட்டோ எடுக்கணுமில்ல" என்றார். இரண்டு பேர் அவள் தோளுக்குக் கை கொடுத்தார்கள். பிருந்தா சரி என்று தலையாட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கையை ஊன்றினாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று சொல்கிற முகம்.

"வேணாங்கம்மா" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பவுனுகூட.

"அவளால ஒக்கார முடியாது. அடியில தையல் இருக்குது. எனக்கும் அங்கதான் தையல். நேரா ஒக்காந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் வெளிய தெரியாது, மூணாம் நாள் உசுரு போவும்."

மருமகன் தரையைப் பார்த்தார். ஒரு பெரியவர் இருமினார். என் வாழ்நாளில் இத்தனை பேர் முன்னால் நான் இதைச் சொல்வேன் என்று நினைத்ததில்லை. ஆனால் சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. கூரை அப்படியேதான் இருந்தது.

சம்பந்தியம்மா முதலில் சமாளித்துக்கொண்டார். "எனக்கு இது தோணாமப் போச்சே. நீ படு கண்ணு" என்றார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். "இடுப்ப முறுக்காத. முழங்கால மடக்கு. தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்பணும்" என்று சொல்லிச் சொல்லி மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்தேன். பவுனு பேத்தியைக் கொண்டுவந்து மகளின் மார்போடு ஒட்டிப் படுக்க வைத்தாள். "எத்தன?" என்று கேட்டேன். "ஆறுப்பா" என்றாள் பிருந்தா. மறைக்காமல் சொன்னாள்.

தாயும் பிள்ளையும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்கள். நான் அறை வாசலில் நின்றுகொண்டேன். அப்புறமும் யார் யாரோ பார்க்க வந்தார்கள். "தூங்கறாங்க, சாயங்காலமா வாங்க" என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம். எனக்கு ஐந்து இருந்தது.